கடிக்காத கறுப்பு நாய்

நாலாயிரத்து முந்நூற்று எழுபத்தைந்து ரூபாய். சின்னராசு ஞானம்பாள் சிஸ்டருக்குக் கொடுக்க வேண்டிய கடன் அது. வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது. சாட்சி என்று கேட்டால் அவன் பெண்டாட்டி முனியம்மா உயிரோடு நடமாடிக்கொண்டிருந்தாளே, அவள்தான் சாட்சி.

முனியம்மா கல்பாக்கம் டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில் காண்ட்ராக்டில் கூட்டிப் பெருக்குகிறவள்; காண்ட்ராக்ட் ஆளுக்கு அங்கே வைத்தியம் கிடையாது. இரண்டாயிரத்து இரண்டு, பங்குனி மாசம். வார்டைத் துடைத்துக்கொண்டிருந்தவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு டூட்டியில் இருந்த நர்ஸ் ஞானம்பாள். தொட்டுப் பார்த்ததுமே குடல்வால் என்று தெரிந்துகொண்டு, வாடகைக் கார் பிடித்து, தானே கூட ஏறிக்கொண்டு, செங்கல்பட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார். காருக்கு, மருந்துக்கு, ரத்தத்துக்கு என்று எல்லாம் அவர் கைக்காசு. புதுப்பட்டினத்தில் சிமென்ட் லாரி இறக்கிக்கொண்டிருந்த சின்னராசு, விபூதி அபிஷேகம் பண்ணின சாமி மாதிரி வெள்ளையாக வந்து சேர்ந்தபோது ஆபரேஷனே முடிந்திருந்தது.

பெண்டாட்டி எழுந்து நடக்க ஆரம்பித்ததும் சிஸ்டரின் குவார்ட்டர்ஸுக்குப் போய்க் கையெடுத்துக் கும்பிட்டான்.

"தெய்வம் மாதிரி வந்தீங்கோ சிஸ்டர்."

"தெய்வத்துக்குச் சம்பளம் வேண்டாம் சின்னராசு. எனக்கு மாசம் பொறந்தா அதுலதான் குடும்பம் ஓடுது. பணத்தை எப்போ தருவீங்க?"

சின்னராசுவுக்குச் சுருக்கென்றது. ஆனால் வாசல் தாண்டி ரோட்டுக்கு வருவதற்குள் அது ஒரு விதமான நிம்மதியாக மாறிவிட்டது. அவனுக்கு அதுவரை கடன் கொடுத்தவர்கள் எல்லாரும் முதலில் "அதுக்கென்ன, மெதுவா குடுப்பா" என்றவர்கள்தான். பிறகு கல்யாண வீட்டில், சாவு வீட்டில், நாலு பேர் நடுவில் நிற்க வைத்துக் கேட்டவர்கள். இந்த அம்மா வாசலில் வைத்தே கேட்டுவிட்டது. கேட்கும்போது "நீங்க" என்று கேட்டது.

மறுநாள் திரும்பப் போய் உள்ளதைச் சொன்னான்.

"மூட்டை தூக்கித் தூக்கி இடுப்பு வுட்டுப் போச்சு சிஸ்டர். பழைய மாதிரி லோடு இறக்க முடியல. நூர்முகமது பாய் பழைய இரும்புக் கடையில தரம் பிரிக்கிற வேலை கீது, சாயங்காலம் மட்டும். வேற வேலை எதுனா இருந்தா சொல்லுங்கோ, கழிச்சிடறேன்."

சிஸ்டர் அவனைப் பார்த்தார். பிறகு வராந்தாவைப் பார்த்தார். அங்கே கறுப்பாக ஏதோ கிடந்தது. மடித்துப் போட்ட தார்ப்பாய் என்று நினைத்திருந்தான். அது கண்ணைத் திறந்து அவனைப் பார்த்ததும்தான் நாய் என்று தெரிந்தது.

"நாய்ன்னா பயமா?"

"கடிக்காதுன்னா பயமில்ல."

"இது மனுஷனைக் கடிக்காது. திங்கிறதை மட்டும்தான் கடிக்கும்."

லாப்ரடார் சாதி. பெயர் டிகாஷன். சிஸ்டரின் வீட்டுக்காரர் பரணிதரன் குட்டியாகக் கொண்டுவந்தபோது நிறத்தைப் பார்த்து வைத்த பெயர். அவர் ஒரு முறுக்கு கடித்தால் அதுக்கு ஒரு முறுக்கு, அவர் ஒரு தோசை தின்றால் அதுக்கு ஒரு தோசை. இப்போது அவர் வடக்கே ஒரு அணுமின் நிலையத்துக்கு மாற்றலாகிப் போய்விட்டார். அவர் ஊட்டின உடம்பு மட்டும் இங்கே கிடந்தது.

"இன்னா சிஸ்டர், நாயா எருமக் கன்னா? நாப்பத்தாறு கிலோ தேறும்."

சிஸ்டருக்கு ஆச்சரியம். நேற்று கால்நடை டாக்டர் சொன்ன கணக்கும் அதேதான். இருபது வருஷம் மூட்டை தூக்கினவன் கண்ணுக்கு அது பெரிய விஷயமில்லை. ஒரு சிமென்ட் மூட்டைக்கு நாலு கிலோ குறைவு, அவ்வளவுதான்.

அதன் அடிவயிற்றில் ஒரு கட்டி இருந்தது. எலுமிச்சம்பழம் அளவுக்கு. செங்கல்பட்டில் கால்நடை டாக்டர் மார்கரெட் அம்மா பார்த்துவிட்டுச் சொன்னதைச் சிஸ்டர் அப்படியே அவனிடம் சொன்னார். கட்டியை எடுத்தே ஆகவேண்டும். ஆனால் இத்தனை கொழுப்பு மேல் மயக்க மருந்து கொடுத்தால் மூச்சு திரும்புமா என்று அந்த அம்மாவால் உறுதி சொல்ல முடியாது. முப்பத்தாறு கிலோவுக்கு வந்தால் கத்தி வைக்கலாம். தை மாசத்துக்குள் வந்தாக வேண்டும். அதற்குமேல் கட்டி பெருத்தால் கத்திக்கும் அடங்காது.

"பத்து கிலோ. உங்களால நடத்த முடியுமா?"

"மூட்டைய தூக்கினுதான் பழக்கம் சிஸ்டர். மூட்டைய நடக்க வச்சதில்ல. வச்சுப் பாக்கறேன்."

மாசம் அறுநூறு சம்பளம். அதில் முந்நூற்றைம்பது கடனில் கழியும், மீதி கையில்.

நடக்க வைப்பது லேசாக இல்லை. முதல் வாரம் டிகாஷன் குவார்ட்டர்ஸ் முனை வரைக்கும் வரும், அங்கே குந்திக்கொள்ளும். இழுத்தால் கழுத்துப் பட்டை காதுக்கு ஏறுமே தவிர உடம்பு நகராது. சின்னராசுவும் பக்கத்தில் குந்திக்கொள்வான். அவன் இடுப்புக்கும் அது தேவையாகத்தான் இருந்தது. பிளாண்ட்டுக்குப் போகிற ஸ்டாஃப் பஸ்ஸில் இருந்து ஆபீசருங்க எட்டிப் பார்த்துச் சிரிப்பார்கள்.

"யார் யாரை வாக்கிங் கூட்டிட்டு வந்தது?"

"இன்னும் முடிவாகல சார்!" என்பான் இவன்.

போகப் போகச் சவுக்குத்தோப்பு வரைக்கும், பிறகு கடற்கரை வரைக்கும். காய்ந்த மணலில் அதன் பின்னங்கால் நொண்டியது. ஈரமணலில் ஒட்டி நடத்தினான். மார்கரெட் அம்மா, "இந்த சாதிக்குத் தண்ணின்னா உசுரு. நீந்த விட்டா மூட்டுக்குப் பாரம் இல்லாம கொழுப்பு கரையும்" என்று சொல்லி அனுப்பியதால், அலை இல்லாத உப்பங்கழிக்குக் கூட்டிக்கொண்டு போனான். தரையில் மூட்டையாகக் கிடந்தது தண்ணீரில் இறங்கியதும் துடுப்புப் போட ஆரம்பித்தது. முழங்கால் தண்ணீரில் கயிற்றைப் பிடித்து நின்ற சின்னராசு வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான். இதுக்குள்ள இன்னொரு நாய் கீதுடி என்று முனியம்மாவிடம் போய்ச் சொன்னான்.

நடையை அவன் கற்றுக்கொண்டான். சாப்பாடு விஷயம்தான் மனசுக்கு ஒப்பவில்லை.

சிஸ்டர் ஒரு எவர்சில்வர் டம்ளர் வைத்திருந்தார். சோறு அதில் அரை. தோல் உரித்து அவித்த கோழி கொஞ்சம். மீதி எல்லாம் பீன்ஸ், கேரட், பூசணிக்காய். டம்ளரில் போட்டதும் கத்தியின் முதுகால் மட்டமாக வழித்துவிடுவார். ரேஷன் கடையில்கூட அப்படித் தலை தட்டமாட்டார்கள். காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம். நாய் ஒரே மூச்சில் நக்கிவிட்டுத் தட்டை மூக்கால் தள்ளிக்கொண்டே வந்து அவர் காலடியில் நிறுத்தும். அப்புறம் ஒரு பார்வை பார்க்கும். அந்தப் பார்வையைப் பார்த்தால் கல்லுக்கும் கண்ணீர் வரும். சின்னராசு சின்ன வயசில் சொந்த ஊர் படாளத்தில் கூழுக்குக் காத்துக் கிடந்தவன். அந்தக் கண் அவனுக்குத் தெரிந்த கண்.

"இன்னும் ஒரு கை போட்டாதான் இன்னா சிஸ்டர்? வாயில்லா ஜீவன், பசியோட பாக்குது."

"பசி இல்ல சின்னராசு. இந்த சாதிக்குப் போதும்னு தோணவே தோணாது. ஒரு அண்டா வெச்சாலும் தின்னுட்டு இப்படித்தான் பார்க்கும். பீகிள், பக், குட்டைக் கால் டாக்ஸ்ஹண்ட், எல்லாம் இப்படித்தான். அதுக்குப் போதும்னு சொல்லத் தெரியாது. அதனால அதுக்காக நாம சொல்லணும்."

"கல் மனசு" என்று அவன் முனியம்மாவிடம் சொன்னான். ஆனால் ஒரு நாள் சாயங்காலம் மறந்து வைத்த துண்டை எடுக்கத் திரும்பினபோது சமையல்கட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தான். நாய் தட்டைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றது. சிஸ்டர் அதன் பக்கம் திரும்பாமல் சுவரைப் பார்த்து நின்றிருந்தார். புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்துக்கொண்டு, தட்டை எடுத்துக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். ஒரு பருக்கை போடவில்லை.

அன்றிலிருந்து சின்னராசு நாயோடு பஜ்ஜிக் கடைப் பக்கம் நடந்தால் கயிற்றோடு சேர்த்து இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நடந்தான். மூட்டை தூக்குகிறதைவிட அது கஷ்டமாக இருந்தது. அந்த அம்மாவால் முடிகிறதே என்று நினைத்துக்கொண்டு தாண்டிப் போவான்.

எடை பார்க்கிற இடம் புதுப்பட்டினம் நூர்முகமது பாயின் இரும்புக் கடை. மாசத்துக்கு ஒரு தரம் டிகாஷனை அங்கே உள்ள பிளாட்பாரத் தராசில் ஏற்றுவான். பாய் நாயைத் தொடமாட்டார். ஆனால் அதுக்கென்று ஒரு பழைய சாக்கு மடித்து வைத்திருந்தார்.

"சாக்க போட்டு ஏத்து அண்ணாத்த. ஆடாம நிக்கச் சொல்லு. என் தராசு பொய் சொல்லாது, உன் நாய் ஆடினா அது பொறுப்பில்ல."

சித்திரையில் நாற்பத்தாறு. வைகாசியில் நாற்பத்தைந்து. ஆனியில் நாற்பத்து மூன்றரை. பாய் ஷட்டரில் சாக்பீஸால் எழுதிக்கொண்டே வந்தார். "நல்லா எறங்குது நைனா! என் வூட்டுக்காரி பதருன்னிசாவ உன்கிட்ட அனுப்பட்டா? டாக்டரு அவளையும் நடக்கச் சொல்லிக்கினு கீறாரு" என்றார். உள்ளேயிருந்து ஒரு பெண் குரல், "முதல்ல உங்க தொப்பைய அந்தத் தராசுல ஏத்துங்க!" என்றது.

ஆடியில் முள் அதே நாற்பத்து மூன்றரையில் நின்றுவிட்டது. ஆவணியில் நாற்பத்து நாலரை.

பாய் இரண்டு தரம் கல்லை மாற்றிப் போட்டுப் பார்த்தார். சாக்கை எடுத்து உதறிப் போட்டார். "ஏறிக்கினு போவுதே அண்ணாத்த" என்றார், சத்தம் இல்லாமல்.

சின்னராசு குனிந்து நாயைப் புரட்டினான். கட்டியைத் தொட்டுப் பார்த்தான். எலுமிச்சை இப்போது சாத்துக்குடி அளவுக்குப் பக்கத்தில் வந்திருந்தது. தை வருவதற்கு நாலு மாசம்.

பக்கத்து குவார்ட்டர்ஸ் ஸ்ரீதேவி அம்மாள் முதல் ஆளாகக் காரணத்தைக் கண்டுபிடித்தார். அவர் வீட்டுக்காரர் பாலசுப்ரமணியன் பிளாண்ட்டில் பெரிய ஆபீசர். வேலிக்கு மேல் கழுத்தை நீட்டி, சின்னராசு காதுபடவே சொன்னார்.

"சிஸ்டர், நான் சொல்றேன்னு நினைச்சுக்காதீங்க. நீங்க இங்க கிராம் கணக்குல போடறீங்க. வெளியில கூட்டிட்டுப் போறவங்க டீக்கடையில பன்னும் பொறை பிஸ்கட்டுமா வாங்கிப் போட்டா? இவங்க எல்லாம் பாவம் பார்க்கிற ஆளுங்க. படிப்பு இல்ல பாருங்க."

சின்னராசுவின் காது சுட்டது. பன் வாங்கிப் போடத்தான் தினமும் மனசு வந்தது. போடவில்லை. போடாததற்கு யார் சாட்சி? நாயா சொல்லும்?

சிஸ்டர் அவன் பக்கம் திரும்பினார்.

"நீங்க ஏதாவது கொடுத்தீங்களா?"

"இல்ல சிஸ்டர்."

"சரி." அவ்வளவுதான். பிறகு ஸ்ரீதேவியைப் பார்த்தார். "அவர் கொடுக்கலயாம். அப்போ வேற யாரோ. பார்ப்போம்."

சத்தியம் பண்ணச் சொல்லவில்லை. முனியம்மா தலையில் அடி என்று சொல்லவில்லை. அவன் வாயிலிருந்து வந்த ஒரு சொல்லை வாங்கி, டம்ளரில் தலை தட்டின மாதிரி, கூட்டாமல் குறைக்காமல் வைத்துக்கொண்டார். அப்படி அவனை இதுவரைக்கும் யாரும் நம்பினதில்லை. மேஸ்திரிங்க மூட்டையை எண்ணிவிட்டு அவன் வேட்டி மடிப்பையும் தட்டிப் பார்ப்பார்கள்.

"சாப்பாட்டைக் குறைச்சிடலாமா சிஸ்டர்?"

"காரணம் தெரியாம அளவுல கை வெக்கக்கூடாது. முதல்ல எங்க ஒழுகுதுன்னு பார்க்கணும்."

ஒழுகுகிற இடத்தைக் காட்டியது டிகாஷனின் மீசைதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை. வழக்கத்தைவிட மந்தமாக நடந்துவந்தது. ஒவ்வொரு குழாயடியிலும் தண்ணீருக்கு நின்றது. முகத்தைத் துடைத்துவிட்ட சின்னராசுவின் விரலில் கறுப்பாக ஏதோ ஒட்டியது. பேன் என்று நினைத்து நசுக்கினான். எண்ணெய் வந்தது. மோந்து பார்த்தான். எள்ளு.

சிஸ்டர் வீட்டில் எள்ளே கிடையாது. சனிக்கிழமை அவருக்குக் காலை டூட்டி. மதியம் இரண்டு மணி வரை நாய் பின்பக்கத் தோட்டத்தில் தனியாகக் கிடக்கும்.

"சனிக்கிழமை, எள்ளு" என்றார் சிஸ்டர். பிறகு சிரிப்பை அடக்கிக்கொள்கிற மாதிரி உதட்டைக் கடித்தார். "வர்ற சனிக்கிழமை டூட்டி மாத்திக்கிறேன். நீங்களும் ஒன்பது மணிக்கு வாங்க. முன்வாசல் வழியா, சத்தம் போடாம."

சனிக்கிழமை இரண்டு பேரும் சமையல்கட்டு ஜன்னலுக்குப் பின்னால் நின்றார்கள். ஒன்பதேகாலுக்குப் பின் கேட் லேசாகத் திறந்தது. ஸ்ரீதேவி அம்மாள். தலைக்குக் குளித்து, நெற்றியில் விபூதி, கையில் வாழையிலை மூடின கிண்ணம். டிகாஷன் வாலால் பூமியை அடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தது. முன்பின் தெரியாத ஆளுக்கு அது அப்படி உட்காராது. அந்த அம்மாள் எள்ளுச்சாதக் கிண்ணத்தோடு நாயை ஒரு சுற்றுச் சுற்றி, கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

கிண்ணத்தைக் கீழே வைப்பதற்குள் கேட் மறுபடி திறந்தது. தயிர்சாதத்தோடு ஒரு அம்மாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துத் திடுக்கிட்டார்கள்.

"நீங்களுமா?"

"எனக்குக் கடகம். ஏழரை ஆரம்பிச்சிருக்கு. உங்களுக்கு?"

"எங்க வீட்டுக்காரருக்கு விருச்சிகம். அஷ்டமச் சனி. ப்ரமோஷன் நிக்குது."

மூன்றாவதாக நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்த சோற்றோடு ஒரு பாட்டு மிஸ். நாலாவதாக வெல்ல அடையோடு இரண்டு பேர். அப்புறம் டிபன் பாக்ஸோடு, ஆபீஸ் சட்டையில், பாலசுப்ரமணியன் சார். ஸ்ரீதேவிக்கே தூக்கிவாரிப் போட்டது.

"நான்தான் உங்களுக்காகச் செய்யறேனே! நீங்க வேற எதுக்கு?"

"ரெண்டு பேர் அப்ளை பண்ணா சீக்கிரம் சாங்ஷன் ஆகும்னு..." என்றார் சார்.

ஆடியில் சனிப்பெயர்ச்சி. கறுப்பு நாய்க்குச் சனிக்கிழமை அன்னம் வைத்தால் சனியின் பிடி தளரும் என்பது ஊர் அறிந்த வழக்கம். டவுன்ஷிப்பில் எத்தனை ராசிக்குச் சனி பிடித்ததோ அத்தனை பேரும் இந்த ஒரே கேட்டைத் தள்ளியிருக்கிறார்கள். தான் ஒருத்தர்தான் வருகிறோம் என்று ஆளாளுக்கு நினைப்பு. முன்னே பின்னே வந்ததால் வாரக்கணக்கில் ஒருத்தர் கண்ணில் ஒருத்தர் படவில்லை. அன்றைக்கு என்னவோ எல்லாருக்கும் ஒரே நல்ல நேரம்.

சிஸ்டர் பின்கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார்.

"சிஸ்டர்... உங்களுக்கு இன்னைக்கு டூட்டி..." என்று இழுத்தார் ஸ்ரீதேவி.

"ஏம்மா ஸ்ரீதேவி, நாய்க்கு வேற யாரோ சாப்பாடு கொடுக்கறாங்கன்னு அன்னைக்குச் சொன்னேனே."

ஸ்ரீதேவி நிஜமாகவே புரியாமல் பார்த்தார். "நான் எங்க சாப்பாடு கொடுத்தேன்? இது பரிகாரம் சிஸ்டர்! ஒரு கைப்பிடி. அது கணக்குல வருமா?"

அவர் பொய் சொல்லவில்லை. கோயிலில் வாங்கின பிரசாதத்தை விரதக்காரி சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்கமாட்டாள் அல்லவா, அதுமாதிரி. சின்னராசுவைச் சந்தேகப்பட்டபோதும் அந்த அம்மாள் மனசில் கள்ளம் இருந்திருக்காது. அது தெரிந்ததும் அவனுக்கு இருந்த கோபம் பாதி போய்விட்டது. பாதி இருந்தது.

சிஸ்டர் கத்தவில்லை. உள்ளே போய் ஒரு பெரிய அன்னக்கூடையைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார். அத்தனை கிண்ணத்தையும் டிபன் பாக்ஸையும் வாங்கி ஒன்றொன்றாக அதில் கவிழ்த்தார். எள்ளுச்சாதம், தயிர்சாதம், எண்ணெய்ச் சோறு, அடை. கூடை பாதிக்கு மேல் ஏறியது.

"ஆளுக்கு ஒரு கைப்பிடிதான். இதோட வயிறு ஒண்ணுதானே?"

சிஸ்டர் டிகாஷன் பக்கத்தில் மண்டி போட்டு அதைப் புரட்டினார். "இங்க வாங்க. கை குடுங்க." ஸ்ரீதேவியின் கையைப் பிடித்து அடிவயிற்றில் வைத்தார். ஸ்ரீதேவி வெடுக்கென்று கையை எடுத்துக்கொண்டார்.

"என்ன சிஸ்டர் இது, கல்லு மாதிரி?"

"கட்டி. இந்த உடம்போட கத்தி வெச்சா மேஜையிலயே போயிடும். கத்தி வெக்கலைன்னா கொஞ்ச நாள்ல போயிடும். பத்து கிலோ இறக்கணும்னு சின்னராசு நாலு மாசமா இடுப்பு வலியோட இதை இழுத்துட்டு நடக்கறார். அவர் காலையில இறக்கினதை நீங்க சனிக்கிழமை ஏத்திட்டீங்க."

பாலசுப்ரமணியன் சார் காலி டிபன் பாக்ஸ் மூடியைத் திறந்து திறந்து மூடினார்.

"பரிகாரம் வேண்டாம்னு நான் சொல்லல" என்றார் சிஸ்டர், எழுந்துகொண்டே. "சாஸ்திரம் எனக்குத் தெரியாது. ஆனா நாய்க்குப் பண்றது புண்ணியம்னா, அது நாய்க்கு நல்லதா இருக்க வேண்டாமா? பசிக்கிற கறுப்பு நாய் பஸ் ஸ்டாண்டு பக்கம் எலும்பும் தோலுமா அலையுது. அதுக்கு வெக்கலாமே?"

"அது கடிக்குமே சிஸ்டர்!" என்றார் தயிர்சாத அம்மாள்.

சின்னராசுவுக்கு அடக்க முடியவில்லை. "கடிக்காத நாயா பாத்துப் புடிச்சீங்கோ. சனி பகவான் அப்டி பாத்தா புடிக்கிறாரு?"

முதலில் சிரித்தது பாலசுப்ரமணியன் சார்தான். அப்புறம் எல்லாருமே சிரித்துவிட்டார்கள், ஸ்ரீதேவியைத் தவிர.

"அப்போ இதுக்கு நாங்க ஒண்ணுமே செய்யக் கூடாதா? நேர்ந்துக்கிட்டு பாதியில விட்டா தோஷமாச்சே" என்றார் ஸ்ரீதேவி. அவருக்கு நிஜமாகவே பயம்.

சிஸ்டர் அந்தப் பயத்தைக் கேலி பண்ணவில்லை. கொஞ்சம் யோசித்தார்.

"சனி நொண்டி நடக்கிறவர்னு நீங்கதானே சொல்வீங்க. இதுவும் நொண்டுது. சோறு போடறதுக்குப் பதிலா இது கூட நடங்க. சனிக்கிழமை சனிக்கிழமை, கடற்கரை வரைக்கும் போயிட்டு வாங்க. வாய்க்குப் போடறது ஒரு நிமிஷம். நடக்கறது ஒரு மணி நேரம். எது பெரிய நேர்த்தின்னு நீங்களே சொல்லுங்க."

அன்றைக்கு அந்த அன்னக்கூடையைச் சின்னராசு தலையில் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தான். அவன் பின்னால் ஒரு எட்டுத் தள்ளி ஆபீசரும் அம்மாமார்களும் வந்தார்கள். விலா எலும்பு தெரிகிற நாய்கள் வந்து முண்டியடித்தன. அவன் பகிர்ந்து வைத்தான். அவர்கள் தூரத்தில் நின்றே கும்பிட்டுக்கொண்டார்கள். ஒன்றும் கடிக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை நாலு பேர் நடக்க வந்தார்கள். அதுக்கடுத்த வாரம் ஏழு பேர். முன்னால் டிகாஷன், கயிற்றில் சின்னராசு, பின்னால் ராசிவாரியாக ஜனம். "ஏன்பா, சாமி ஊர்கோலமா?" என்று மீன்காரிகள் கேட்டார்கள். முதல் நாள் சவுக்குத்தோப்பிலேயே மூச்சு வாங்கின பாலசுப்ரமணியன் சார் ஐப்பசியில் உப்பங்கழி வரைக்கும் வந்தார். பெல்ட்டில் புது ஓட்டை போட்டதை எல்லாருக்கும் காட்டினார். ஸ்ரீதேவி அம்மாள் ஒரு நாள் நடந்துகொண்டே, யாரையும் பார்க்காமல், "அன்னைக்குப் பன்னுன்னு சொல்லிட்டேன் சின்னராசு. மனசுல வெச்சுக்காதீங்க" என்றார். அவனுக்கு இருந்த மீதிப் பாதிக் கோபமும் கடற்காற்றில் போயிற்று.

பாயின் ஷட்டரில் சாக்பீஸ் கோடு கீழே இறங்கியது. நாற்பத்து மூன்று, நாற்பத்தொன்று, முப்பத்தொன்பது. மார்கழியில் டிகாஷன் தராசில் ஏறினபோது பாய் குனிந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு, முள்ளைப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கடைக்குள் திரும்பி, "பதரு! வெளிய வா! முப்பத்தாறு!" என்று கூவினார். அன்றைக்கு மட்டும் பாயின் கை நாயின் தலைக்கு மேலே அரை சாண் வரைக்கும் வந்து நின்று, அப்புறம் சின்னராசுவின் தோளைத் தட்டியது.

தை பிறந்ததும், செங்கல்பட்டுக்கு இரும்பு ஏற்றிப் போகிற பாயின் வண்டியிலேயே அதைக் கொண்டுபோனார்கள். சிஸ்டர் டிரைவர் பக்கத்தில். பின்னால் பழைய சைக்கிள் ரிம்களுக்கு நடுவில் சின்னராசு, மடியில் டிகாஷனின் தலை. திருக்கழுக்குன்றம் தாண்டுகிற வரைக்கும் அதனிடம் பேசிக்கொண்டே வந்தான். என்ன பேசினான் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது.

மார்கரெட் அம்மா விலாவில் விரலை ஓட்டிப் பார்த்தார். போன வருஷம் எலும்பு தட்டுப்படாத இடம். "யார் சொன்னாலும் கேட்காத சாதி இது. எப்படி இறக்கினீங்க?"

"பாதி இவர். பாதி சனீஸ்வரன்" என்றார் சிஸ்டர்.

அறைக் கதவு சாத்தியிருந்த நேரம் முழுக்கச் சிஸ்டர் வெளியில் நிற்கவில்லை. நர்ஸ் என்பதால் உள்ளே போய்ப் பக்கத்தில் நின்றார். வேப்பமரத்தடியில் குந்தியிருந்த சின்னராசுதான் பீடியைப் பற்ற வைப்பதும் அணைப்பதுமாக இருந்தான். கதவு திறந்து சிஸ்டர் வந்தார். கையுறையைக் கழற்றிக்கொண்டே, "மூச்சு நல்லா வருது" என்றார். அதைச் சொல்லிவிட்டுத்தான் மரத்தடியில் அவன் பக்கத்திலேயே மண்ணில் உட்கார்ந்தார். உள்ளே இருந்த நேரம் முழுக்க ஒரு தரம்கூட உட்கார்ந்திருக்கமாட்டார் என்று அவனுக்குத் தெரியும்.

தையல் பிரித்து, ரோமம் முளைத்து, மறுபடி நடை ஆரம்பித்தது. வருஷம் திரும்பியது. வைகாசி பிறந்தபோது கடனில் பாக்கி நின்றது நூற்று எழுபத்தைந்து ரூபாய்.

ஸ்ரீதேவி அம்மாளுக்கு எப்படியோ அது தெரிந்திருந்தது. வேலிக்கு மேல் கழுத்து வந்தது.

"சிஸ்டர், அவ்வளவு பாடுபட்டிருக்கார். நூத்தி எழுபத்தஞ்சுதானே. தள்ளிவிட்டுடுங்களேன், புண்ணியமாப் போகும்."

சின்னராசு சிஸ்டரின் முகத்தைப் பார்த்தான். சரி என்று சொல்லிவிடுவாரோ என்று அவனுக்குப் பயமாக இருந்தது. பன்னிரண்டு மாசம் சுமந்த மூட்டையை லாரிக்கு நாலடி முன்னால் யாரோ வந்து பிடுங்கிக்கொள்கிற மாதிரி இருந்தது.

"அது அவர் கடன் ஸ்ரீதேவி. அதுல கை வெக்க நான் யாரு?" என்றார் சிஸ்டர்.

அவன் தலையை நிமிர்த்திக்கொண்டான்.

"இந்த மாசச் சம்பளத்த முழுசா என் கையில குடுங்கோ சிஸ்டர்."

அறுநூறு ரூபாயைக் கொடுத்தார். அவன் அதில் நூற்று எழுபதைப் பிரித்து, இடுப்பு மடியிலிருந்து ஒரு ஐந்து ரூபாய் நோட்டைச் சேர்த்து, நீவி, இரண்டு கையாலும் நீட்டினான். சிஸ்டர் வாங்கிக்கொண்டார். அவன் எதிரிலேயே ஒவ்வொன்றாக எண்ணினார். அந்த ஐந்து ரூபாய் நோட்டு கிழிந்திருந்தது. அதைத் திருப்பிக் கொடுத்து வேறு கேட்டார். அவன் மாற்றிக் கொடுத்தான்.

"சரியா இருக்கு. தீர்ந்தது."

"சரிங்க சிஸ்டர்."

"அடுத்த மாசத்துல இருந்து அறுநூறும் கையில. ஆறரைக்கு வந்துடுங்க, இன்னைக்கு மாதிரி லேட் பண்ணாதீங்க."

நோட்டின் வாசனைக்கு எழுந்து வந்திருந்த டிகாஷன் இரண்டு பேர் கையையும் மாறி மாறிப் பார்த்தது. சின்னராசு உள்ளங்கையை விரித்துக் காட்டினான். அது ஒரு தரம் நக்கிப் பார்த்தது. ஒன்றும் இல்லை என்றதும் போய், ஆணியில் தொங்கின கயிற்றுக்குக் கீழே நின்றுகொண்டது.